நாற்காலிக்குக் கொடுத்த சாவி

திருச்சி தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பல ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். பதினான்கு பேர் வேலை செய்யும் இடம். ஒரு செப்டம்பர் கடைசி வாரத்தில் இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. வரித் தணிக்கை அறிக்கைகளுக்கு செப்டம்பர் 30 கெடு. அந்த வாரத்தில் அங்கே யாரும் வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிடுவதில்லை.

"அம்மா, அரிசி ஆலையைக் காணவில்லை" என்றார் தலைமைக் கணக்கர். அறுபதை நெருங்கியவர். எனக்கு அவர் ஐயா.

அரிசி ஆலை என்பது வாடிக்கையாளர் ஒருவரின் கோப்புறை. ஐந்து ஆண்டுக் கணக்கும் சரக்கு இருப்பு விவரமும் வங்கிக் கடிதங்களும் அதற்குள் இருந்தன. எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் பொதுக் கணினியான சர்வரின் முன்னால் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது. அழிந்திருக்கவில்லை. அகர வரிசையில் அதற்கு அடுத்து நின்ற இன்னொரு வாடிக்கையாளரின் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. யாரோ சுட்டியை அழுத்தியபடியே கையை நகர்த்தியிருக்கிறார்கள். ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் விண்டோஸ் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இழுத்தவருக்கே தெரியாமல் ஒரு வியாபாரத்தின் ஐந்தாண்டு வாழ்க்கை இடம் மாறிவிடும்.

தேடும்போது, யார் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க எஸ்எம்பி ஸ்டேட்டஸ் கட்டளையை ஓட்டினேன். அந்தப் பட்டியலில் நான் எதிர்பாராத ஒரு வரி இருந்தது. அலுவலகச் சம்பளப் பட்டியல், வரவேற்பு மேசைக் கணினியில் திறந்திருந்தது.

அந்த மேசையில் இருப்பவர் பதினொரு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். விடுப்புக் கடிதத்தின் மாதிரியைத் தேடிப் போயிருக்கிறார். பக்கத்தில் இருந்ததைத் திறந்திருக்கிறார். முந்தைய ஆண்டு சேர்ந்த இளைஞர் ஒருவருக்குத் தன்னைவிடக் கூடுதலான சம்பளம் என்பதை அந்தத் திரையில் பார்த்திருக்கிறார். நான் கிளம்பும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிப் போனார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அங்கே பூட்டே இல்லை. அந்த சர்வரை முதலில் அமைத்துக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் எல்லாம் என்று 777 போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று, ஊருக்கெல்லாம் ஒன்று. அதை நான் ஏற்றெடுத்த நாளிலிருந்தே பார்த்திருந்தேன். ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்க வேண்டாம் என்று விட்டிருந்தேன். அந்தப் பெண்மணி படி இறங்கிப் போனதற்கு நான் விட்டதும் ஒரு காரணம். அன்று இரவு பஸ்ஸில் வரும்போது, தணிக்கைக் கெடு முடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று முடிவு செய்தேன்.

அக்டோபரில் ஆடிட்டரிடம் பேசினேன். நான் சம்பளப் பட்டியலைச் சொன்னேன். அவர் வாடிக்கையாளர்களைச் சொன்னார். பட்டயக் கணக்காளர் சட்டம் 1949இன் இரண்டாம் அட்டவணையில் முதல் பகுதியின் முதல் கூறே அதுதானாம்: தொழிலின் வழியே தெரியவந்ததை வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமலோ, சட்டம் கேட்காமலோ வேறு யாருக்கும் வெளியிட்டால் தொழில்முறைத் தவறு. "இங்கே எத்தனை நிறுவனங்களின் ஊழியர் சம்பளம், எத்தனை பேரின் ஆதார் நகல் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். நகல் எடுத்து வைப்பவள் நான்தானே. அவை எல்லாமே 777இல் இருந்தன.

பலரும் இந்த வேலையைக் கணினியில் தொடங்குகிறார்கள். நான் காகிதத்தில் தொடங்கினேன். தலைமைக் கணக்கர் ஒரு பேரேட்டுத் தாளை எடுத்தார். இடப்பக்கம் கோப்புறைகள், மேலே ஆட்களின் பெயர்கள் என்று கோடு போடப் போனார். மூன்று பெயர் எழுதியதும் நிறுத்திவிட்டு, "ஆர்ட்டிகிள் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். பெயர் எழுதினால் வருடத்துக்கு ஒரு தாள் வேண்டும்" என்றார். ஆடிட்டர் ஆவதற்காக இங்கே பயிற்சி பெறுபவர்களைத்தான் ஆர்ட்டிகிள் என்போம். பெயர்களை அடித்துவிட்டு ஐந்து தலைப்புகள் எழுதினார்: கூட்டாளர், மூத்தோர், ஆர்ட்டிகிள், பதிவு, வரவேற்பு. "ஆளைப் பார்த்துச் சாவி கொடுக்கக் கூடாது அம்மா. நாற்காலியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். யார் உட்கார்ந்தாலும் அந்தச் சாவி அங்கேயே இருக்கும்."

கணினிக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர் ஒரு பேனாவால் முடித்துவிட்டார். அனுமதியைத் தனி மனிதருக்கு ஒருபோதும் கொடுக்காதே, குழுவுக்குக் கொடு, மனிதரைக் குழுவில் சேர் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. ஆர்ட்டிகிள் பயிற்சி 2023 ஜூலைக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ஆட்கள் இன்னும் வேகமாக மாறுகிறார்கள். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் நூற்றுக்கணக்கான கோப்புறைகளில் போனவர்களின் பெயர்களைத் தேடிக்கொண்டிருப்பேன்.

கட்டங்களை நிரப்ப இரண்டு மாலைகள் ஆயின. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் மூன்றில் ஒன்றை எழுதினார்: "எழுதலாம்", "படிக்கலாம்", "கண்ணில் படக்கூடாது". மூன்றாவதை அவராகவே கேட்டது எனக்குப் பிடித்தது. பூட்டிய கதவு கண்ணெதிரே இருந்தால் உள்ளே என்ன என்ற எண்ணம் வரும். சம்பளம் என்ற பெயரையே வரவேற்பு மேசையில் காட்ட வேண்டியதில்லை. சர்வரிலிருந்து கோப்புகளைப் பகிரும் மென்பொருளான சாம்பாவில் அதற்கு ‘ஹைட் அன்ரீடபிள்’ என்று ஒரே வரி போதும். படிக்க முடியாதது பட்டியலிலேயே வராது.

சாம்பாவைப் பற்றியும் நன்றியோடு ஒரு வார்த்தை. 1990களின் தொடக்கத்தில் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அந்த மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடித்தான் சாம்பா என்ற பெயரை எடுத்தார். இந்த அலுவலகத்தில் அது ஒரு பழைய மேசைக் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் மேல் ஓடுகிறது. உரிமத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சிறிய அலுவலகங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் எளியது. ஒவ்வொரு குழுவின் கோப்புறைக்கும் 2770. கடைசி மூன்று இலக்கங்கள் சொல்வது: உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் 2தான் முக்கியம். அது இல்லாவிட்டால், ஒரு பெண் உருவாக்கிய கோப்பு அவளுடைய சொந்தக் குழுவின் பெயரில் போய்விடும். மறுநாள் அவள் வராவிட்டால் பக்கத்து மேசைக்காரர் அதில் ஓர் எழுத்துகூட மாற்ற முடியாது. 2 இருந்தால், யார் உருவாக்கினாலும் கோப்பு கோப்புறையின் குழுவுக்கே சேரும். கூட்டுக் குடும்பத்துப் பாத்திரம்போல, வாங்கியவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு உரியது.

சிக்கல் வாடிக்கையாளர் கோப்புறைகளில் வந்தது. அங்கே ஒரு குழு போதாது. முடிந்த கணக்குகள் இருக்கும் ‘இறுதி’ கோப்புறையில் மூத்தோர் எழுத வேண்டும். ஆர்ட்டிகிள்கள் படிக்க மட்டும் வேண்டும். மற்றவர்களுக்குத் தெரியவே கூடாது. லினக்ஸ் பின்பற்றும் பழைய யூனிக்ஸ் முறையில் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்றே இடம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியல். எத்தனை குழுக்களை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். புதிதாகப் பிறக்கும் கோப்புகளுக்கும் அதே பட்டியல் தானாக வரும்படி ‘டிஃபால்ட்’ வரிகளையும் எழுதலாம். எழுதினேன். சோதித்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, மூத்தவர் ஒருவர் சேமித்த இருப்புநிலைக் குறிப்பை இன்னொரு மூத்தவர் திறந்தால் படிக்க மட்டுமே முடிகிறது என்று அழைப்பு வந்தது.

இருவரும் ஒரே குழு. பட்டியலில் அந்தக் குழுவுக்கு முழு அனுமதி. பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். மூத்தோர் என்ற வரியில் படிக்க, எழுத, இயக்க என்பதற்கான மூன்று எழுத்துகளும் ஒழுங்காக இருந்தன. கண்ணைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினேன். அதே வரியின் கடைசியில் சிறியதாக ஒரு குறிப்பு: ‘எஃபெக்டிவ்’, அதன் பின்னால் படிக்கும் அனுமதி மட்டும். கொடுத்திருப்பது ஒன்று, கைக்கு வந்து சேர்வது வேறு.

காரணம் ‘மாஸ்க்’ என்ற வரி. ஏசிஎல்லில் எல்லாக் குழுக்களுக்கும் மேலே அது ஒரு வடிகட்டி. சாம்பா புதுக் கோப்பை எந்த எண்ணோடு உருவாக்குகிறதோ, அதன் நடு இலக்கம் அந்த வடிகட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘கிரியேட் மாஸ்க்’ என்பதை நாம் எழுதாவிட்டால் சாம்பா எடுத்துக்கொள்வது 0744. கடைசி மூன்று இலக்கங்களின் நடுவில் இருப்பது 4, படிக்க மட்டும். பொதுக் கோப்புறைக்கு நான் 0660 என்று எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் கோப்புறையில் ஏசிஎல்லே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று அந்த வரியை எழுதவில்லை. எழுதினேன். அதற்குள் பிறந்துவிட்ட கோப்புகளின் வடிகட்டியையும் செட்எஃப்ஏசிஎல் கொண்டு திருத்தினேன். கால்மணி நேர வேலை. ஆனால் அந்த வலப்பக்கக் குறிப்பைப் பார்க்காமல் பல மணி நேரம் குழுக்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். இதைப் படிப்பவர்களில் ஒருவருக்காவது அந்த நேரம் மிஞ்சினால் எனக்கு மகிழ்ச்சி.

அடுத்தது தலைமைக் கணக்கரின் ஆசை. "எழுதலாம், ஆனால் அழிக்கக் கூடாது. அப்படி ஒன்று உண்டா?" நியாயமான கேள்வி. பேரேட்டில் அடித்தல் கூடாது என்று நாற்பது ஆண்டு வாழ்ந்தவர். அவரை சர்வர் திரையின் முன்னால் உட்கார வைத்தேன். எழுதத் தடை போட்ட, வேறு ஒருவர் பெயரில் இருந்த வெற்றுக் கோப்பு ஒன்றை ஆர்ட்டிகிள் கணக்கிலிருந்து அழிக்கச் சொன்னேன். எழுதத் தடையுள்ள கோப்பு, நீக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்பதற்குரிய எழுத்தை அவரே தட்டினார். கோப்பு போய்விட்டது. திகைத்துப் போனார்.

அலுவலகத்து வழியிலேயே விளக்கினேன். லினக்ஸில் கோப்பு என்பது தாள். அதன் பெயர் இருப்பது கோப்புறை என்னும் பதிவேட்டில். அழிப்பது என்றால் பதிவேட்டில் அந்தப் பெயருள்ள வரியை அடிப்பது. அதற்குப் பதிவேட்டில் எழுத அனுமதி வேண்டும், தாளில் வேண்டியதில்லை. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்படியானால் பதிவேட்டை மூடினால் போதுமே!"

அந்த ஒரு வாக்கியத்தால் அரிசி ஆலைக்கு விடை கிடைத்தது. வாடிக்கையாளர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும் மேல் கோப்புறையில் எழுதும் அனுமதியை மூத்தோருக்கு மட்டும் வைத்தேன். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்புறையிலும் ஆர்ட்டிகிள்கள் வழக்கம்போல் எழுதலாம். உள்ளே வேலை நடக்கும். ஆனால் அரிசி ஆலையைத் தூக்கிப் பக்கத்தில் வைக்க முடியாது. இழுத்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். இதற்குச் செலவானது ஒரே வரி. இத்தனை வருடம் அது இல்லாமல் ஓடியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அழிக்கக் கூடாது என்பதை உள்கோப்புறைகளிலும் செய்து பார்த்தேன். தன் கோப்பைத் தான் மட்டுமே நீக்க முடியும் என்று ஆக்கும் ‘ஸ்டிக்கி பிட்’ உண்டு. இலக்கத்தில் 2770 என்பது 3770 ஆகும். மறுநாள் காலை கோப்புறைகளில் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த, பின்னொட்டு இல்லாத விநோதப் பெயர்கள் முளைத்திருந்தன. எக்செல் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. பக்கத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் முழுவதையும் எழுதிவிட்டு, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. நீக்கும் உரிமை இல்லாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒருவர் தொடங்கிய தாளை இன்னொருவர் முடிக்கும் அலுவலகத்தில் அது வேலையையே முடக்கும். அன்று மதியமே 2770க்குத் திரும்பினேன்.

ஐயாவிடம் நேராகச் சொன்னேன்: அழிப்பதைத் தடுக்க வேண்டாம், அழிந்ததை மீட்க வழி செய்வோம். சாம்பாவில் ‘ரீசைக்கிள்’ என்ற துணைக்கூறு இருக்கிறது. வலையமைப்பில் அழித்தது சாதாரணமாக விண்டோஸின் குப்பைத் தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். இந்தக் கூறு அதை சர்வரிலேயே மறைவான கோப்புறைக்கு நகர்த்தி வைக்கிறது. அதோடு இரவு நகலும் உண்டு. முப்பது நாள் வைத்திருக்கச் சொன்னார். மூத்தோர் மட்டும் திறந்து எடுக்கலாம்.

இன்னோர் ஓட்டை ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. வேலை முடிந்த கணக்கை மூத்தவர்கள் ‘இறுதி’க்குள் இழுத்துப் போடுகிறார்கள். நகல் எடுத்துப் போட்டால் புதுக் கோப்பு பிறக்கும், இறுதிக்குரிய அனுமதி வரும். இழுத்தாலோ பெயர்தான் இடம் மாறுகிறது. பழைய அனுமதி கூடவே வருகிறது. இறுதிக்குள் இருந்தும் ஆர்ட்டிகிள்கள் அதில் எழுத முடிந்தது. யாரும் எழுதவில்லை, ஆனால் முடிந்தது. இப்போது ஒவ்வொரு நாளும் இரவு ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு எல்லா ‘இறுதி’களின் அனுமதியையும் முறைப்படி மீண்டும் எழுதுகிறது.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகளில் நான் அதிகம் கை வைக்கவில்லை. டேலியில் ஒரு நிறுவனத்தைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அந்தத் தரவுக் கோப்புறையில் எழுத முடிய வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. அங்கே யார் எதைப் பார்ப்பது என்பதை டேலியின் உள்ளேயே கடவுச்சொல் வைத்துப் பிரித்தோம். வரவேற்பு, பதிவு இரண்டுக்கும் சம்பந்தமில்லாத நிறுவனங்களை வேறு தரவுக் கோப்புறைக்கு மாற்றினோம்.

நகலெடுக்கும் இயந்திரம் தனி வழக்கு. பழைய எஸ்எம்பி1 மட்டுமே பேசத் தெரிந்தது அது. 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து சாம்பா அதை இயல்பாகவே மூடி வைத்திருக்கிறது, சரியாகத்தான். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கி, பிரிட்டனில் மருத்துவமனைகளையும் தடுமாற வைத்த வான்னாகிரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல், விண்டோஸில் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதைத் திறந்து விட மாட்டேன் என்றேன். இயந்திரம் ஸ்கேன் செய்ததை எஃப்டிபி என்ற வேறு வழியாக ஒரே ஒரு கோப்புறையில் போடுகிறது. அதன் கணக்குக்கு வேறு எந்தக் கதவும் திறக்காது.

வான்னாகிரையை ஆடிட்டரிடமும் சொல்ல வேண்டி வந்தது. எல்லாக் கோப்புறையிலும் தனக்கு எழுதும் அனுமதி வேண்டும் என்று அவர் கேட்டார். அவருடைய அலுவலகம், கேட்பதில் தவறில்லை. "சார், உங்கள் கணினியில் ஒரு கெட்ட இணைப்பு திறந்துவிட்டால், நீங்கள் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அது எழுதும். உங்களுக்கு அனுமதி இல்லாத இடத்தில் அதுவும் நின்றுவிடும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அன்றாடக் கணக்கில் எல்லாம் படிக்கலாம், தன்னுடையதில் மட்டும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார். அவசரத்துக்கு இன்னொரு கணக்கு, பின்னறைக் கணினியில் மட்டும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது என்பதால் கணினியையும் பிரித்து வைத்தேன்.

பயிற்சி முடிந்து போகிறவர்களின் கணக்கை நான் அழிப்பதில்லை, மூடி வைக்கிறேன். அழித்தால் அவர்கள் உருவாக்கிய கோப்புகளில் பெயருக்குப் பதில் வெறும் எண் நிற்கும். எந்த ஆண்டு யார் தயாரித்தது என்று தணிக்கையில் கேட்கும்போது எண்ணால் பயனில்லை. அதே எண் புதியவருக்குப் போய்விட்டால் இன்னும் மோசம். பழையவரின் கோப்புகள் எல்லாம் புதியவரின் பெயரில் நிற்கும்.

சென்ற ஏப்ரலில் ஐயா ஓய்வு பெற்றார். அவர் கோடு போட்ட பேரேட்டுத் தாள் சர்வர் அறை அலமாரியின் கதவில் உட்பக்கமாக ஒட்டியிருக்கிறது. அவருடைய இடத்துக்கு வந்திருப்பவர், அந்தப் பதினொரு ஆண்டு வரவேற்பு மேசையில் இருந்தவர். இரவுக் கல்லூரியில் பட்டம் முடித்து, நடுவில் கொஞ்ச காலம் பதிவுப் பிரிவிலும் இருந்தார். வரவேற்புக் குழுவிலிருந்து அவர் பெயர் அன்றே போயிருந்தது. பதிவிலிருந்து எடுத்தேன், மூத்தோரில் சேர்த்தேன். இரண்டு வரிக் கட்டளை.

"ஒன்றும் மாறவில்லையே அக்கா" என்றார் திரையைப் பார்த்து.

கணினியில் ஒரு முறை வெளியேறி மீண்டும் உள்ளே வரச் சொன்னேன். குழு மாறியது அப்போதுதான் கணக்கில் ஏறும். வெளியேறினார், கடவுச்சொல் தட்டினார், சர்வரைத் திறந்தார். இதுவரை அவர் திரையில் இல்லாத ஐந்து கோப்புறைகள் வரிசையில் வந்து நின்றன. சம்பளம் மூன்றாவது. அதன் மேல் சுட்டியை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார். பிறகு கீழே இறங்கி, டிடிஎஸ் கோப்புறையைத் திறந்து வேலையைத் தொடங்கினார்.